ஆஸ்திரேலியக் கார்களும் கான்செப்ட் கார்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2017 அக்டோபர் 20 அன்று, அடிலெய்டுக்கு வடக்கே உள்ள எலிசபெத் ஆலையிலிருந்து கடைசி ஹோல்டன் கமடோர் வெளியே வந்தது. அதோடு ஆஸ்திரேலியாவில் பெருமளவுக் கார் தயாரிப்பு நின்றுபோனது. உலகம் திரும்பிப் பார்த்த சில கான்செப்ட் கார்களும் இதே நாட்டில்தான் பிறந்தன. இவ்வளவு நன்றாகக் கார் வரையத் தெரிந்தவர்களால் ஆலையை ஏன் காப்பாற்ற முடியவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கும், அதை ஒட்டி வரும் மற்றக் கேள்விகளுக்கும் இங்கே பதில் தேடலாம்.

கான்செப்ட் கார் என்பது ஓடுகிற காரா, வெறும் காட்சிப் பொருளா?

விற்பனைக்கு என்று இல்லாமல், ஒரு யோசனையைக் காட்டுவதற்காகச் செய்யும் மாதிரிக் கார்தான் கான்செப்ட் கார். அதில் இரண்டு வகையும் உண்டு. கண்ணாடியிழை ஓடு ஒன்றைச் சக்கரங்களின் மேல் வைத்து மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாலும் அது கான்செப்ட் கார்தான். எஞ்சின், கியர், பிரேக் எல்லாம் பொருத்திச் சோதனைத் தடத்தில் ஓட்டிப் பார்த்தாலும் அதே பெயர்தான். ஜெனரல் மோட்டார்ஸில் ஹார்லி ஏர்ல் தலைமையில் 1938-இல் உருவான பியூக் ஒய்-ஜாப்பைத்தான் பொதுவாக இந்த வகையில் முதல் கார் என்பார்கள். ஏர்ல் அதைத் தன் சொந்தக் காராகவே ஓட்டித் திரிந்தார்.

மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது ஒரு நோக்கம், புதுத் தொழில்நுட்பத்தை முயன்று பார்ப்பது இன்னொன்று. ஆஸ்திரேலியாவைப் பொறுத்தவரை இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. மேலிடத்தைச் சம்மதிக்க வைக்க வேண்டும். ஹோல்டனின் முதலாளியான ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவின் டெட்ராய்டில் இருந்தது, ஃபோர்டின் தலைமையகம் அதே அமெரிக்காவின் டியர்போர்னில், டொயோட்டாவின் தலைமையகம் ஜப்பானில். சிட்னி கண்காட்சியில் சுழல்மேடையில் நின்ற கார் பார்வையாளர்களுக்காக மின்னியது என்றாலும், அது பேசியதெல்லாம் கடல் கடந்த தலைமையகத்தோடுதான். "எங்களால் இதுவும் முடியும், பணம் கொடுங்கள்" என்ற விண்ணப்பம் அது. என்னைக் கேட்டால், ஆஸ்திரேலியக் கான்செப்ட் கார்களின் கதை முழுவதையும் இந்த ஒரு கோணத்தில் பார்த்தால்தான் புரியும்.

ஆஸ்திரேலியாவில் முழுக் காரையும் செய்தார்களா, பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்களா?

தொடக்கத்தில் பூட்டினார்கள், பிறகு முழுதாகவே செய்தார்கள். ஃபோர்டு 1925-இல் ஜீலாங்கில் தொடங்கியது. ஹோல்டன் அதைவிடப் பழையது. 1856-இல் அடிலெய்டில் குதிரைச் சேணம் செய்யும் தொழிலாக ஆரம்பித்து, பிற்பாடு கார் பாடி கட்டி, 1931-இல் ஜெனரல் மோட்டார்ஸோடு இணைந்தது. 1948 நவம்பர் 29 அன்று மெல்போர்னின் ஃபிஷர்மன்ஸ் பெண்டில் பிரதமர் பென் சிஃப்லி 48-215 என்ற காரை அறிமுகப்படுத்தினார். 'ஆஸ்திரேலியாவின் சொந்தக் கார்' என்று அதைக் கொண்டாடினார்கள். வரியோடு சேர்த்து விலை 733 பவுண்டு.

இதில் ஒரு வேடிக்கை, அந்தச் 'சொந்தக் கார்' டெட்ராய்டில் கைவிடப்பட்ட ஒரு செவ்ரோலே வரைவிலிருந்து வந்தது. 1960-இல் ஃபோர்டு கொண்டுவந்த முதல் ஃபால்கனும் அமெரிக்கக் கார்தான். உள்நாட்டு மண்சாலைகளில் அதன் முன்பக்க சஸ்பென்ஷன் தாக்குப்பிடிக்கவில்லை. பிறகு உறுதிப்படுத்தித்தான் விற்க வேண்டியிருந்தது. அந்த ஊர்ச் சாலைக்கு அந்த ஊர்க்காரர்களே கார் வரைந்தால்தான் சரிப்படும் என்று இரு நிறுவனங்களுக்கும் புரிய ஆரம்பித்தது. ஹோல்டன் 1964-இல் ஃபிஷர்மன்ஸ் பெண்டிலேயே ஒரு தொழில்நுட்ப மையம் திறந்தது. 1971 முதல் 1974 வரை வந்த எச்க்யூ ஹோல்டன் 4.85 லட்சத்துக்கும் மேல் தயாரானது. ஹோல்டன் மாடல்களில் அதுதான் உச்சம்.

உள்ளூர்க்காரர்களின் சொந்தக் கற்பனை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் யூட். முன்பாதி கார், பின்பாதி சுமை வண்டி. ஞாயிறன்று தேவாலயத்துக்கும் திங்களன்று பன்றிகளைச் சந்தைக்கும் கொண்டுபோக ஒரே வண்டி வேண்டும் என்று விக்டோரியாவின் ஒரு விவசாயி மனைவி எழுதிய கடிதத்தால் அது பிறந்தது என்பார்கள். ஜீலாங்கில் லூ பேண்ட் என்ற ஃபோர்டு டிசைனர் வரைந்து, 1934-இல் விற்பனைக்கு வந்தது.

அங்கே செய்த முதல் பேர்பெற்ற கான்செப்ட் கார் எது?

1969-இல் ஹோல்டன் காட்டிய ஹரிகேன். ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. கதவுகளே கிடையாது. மேல்கூரையும் கண்ணாடியும் சேர்ந்த மூடி ஒன்று முன்பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். இருக்கைகள் எழும்பி நின்று ஆளை ஏற்றிக்கொள்ளும். பிறகு எல்லாம் தாழ்ந்து மூடிக்கொள்ளும். எஞ்சின் நடுவில். 253 கன அங்குல வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின். அப்போது ஹோல்டன் உள்நாட்டில் தயாரிக்கத் தொடங்கியிருந்த வகை அது.

வடிவத்தைவிட உள்ளே வைத்திருந்தவைதான் எனக்கு ஆச்சரியம். பின்னால் வருவதைப் பார்க்கக் கேமராவும் சிறு டிவி திரையும், எண்ணாகக் காட்டும் வேகமானி, வெப்பநிலையைத் தானே சரிசெய்துகொள்ளும் ஏசி. அப்புறம் 'பாத்ஃபைண்டர்' என்ற வழிகாட்டி. சாலையில் புதைத்த காந்தங்கள் கொடுக்கும் குறிப்பை வைத்து அடுத்த சந்திப்பில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அது காட்டும். சாலைகளில் யார் காந்தம் புதைப்பார்கள் என்று அப்போது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை! ஆனால் ரிவர்ஸ் கேமரா இல்லாத புதுக் காரை இன்றைக்குத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பல ஆண்டுகள் கவனிப்பாரில்லாமல் கிடந்த அந்தக் காரை ஹோல்டன் ஆட்களே மறுபடி சீர்செய்து 2011-இல் மெல்போர்னில் காட்சிக்கு வைத்தார்கள்.

ஜிடிஆர்-எக்ஸ் ஏன் விற்பனைக்கு வரவில்லை?

1970-இல் ஹோல்டன் காட்டிய அந்த ஆப்பு வடிவ ஸ்போர்ட்ஸ் கார் ஹரிகேனைப் போலக் கனவுக் கார் கிடையாது. அன்று பந்தயங்களில் ஓடிய ஹோல்டன் டொரானா எக்ஸ்யூ-1 காரின் எஞ்சினும் மற்ற உறுப்புகளும் அப்படியே அதற்குள் இருந்தன. கண்ணாடியிழை பாடி. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். விளம்பரப் படங்கள்கூட எடுத்துவிட்டார்கள். கணக்குப் போட்டபோதுதான் நிறுத்தினார்கள். இரண்டு பேர் மட்டும் உட்காரும் காரை அந்த ஊரில் எத்தனை பேர் வாங்குவார்கள்? சந்தை சிறியது. இந்த வார்த்தையை இந்தப் பக்கத்தில் இன்னும் பல தடவை பார்க்கப்போகிறீர்கள்.

கான்செப்டாகக் காட்டி, உண்மையிலேயே விற்பனைக்கு வந்த கார் உண்டா?

உண்டு, அதுவும் நல்ல கதை. 1990-களின் பிற்பகுதியில் ஹோல்டன் டிசைனர் மைக்கேல் சிம்கோ, தன் வீட்டில் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது வெறும் சுவரில் மாட்டிய தாளில் இரண்டு கதவுக் கமடோர் ஒன்றின் பக்கவாட்டுக் கோட்டை வரைந்து பார்த்தார் என்று சொல்வார்கள். அதுவே 1998 சிட்னி கண்காட்சியில் 'ஹோல்டன் கூபே' என்ற பெயரில் நின்றது. அடித்தளம் ஏற்கனவே விற்பனையில் இருந்த விடி கமடோருடையது. செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போட்டிருக்கவில்லை. கண்காட்சிக்கு வந்தவர்கள் காசோலைப் புத்தகத்தோடு நின்றார்கள் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதுமளவுக்கு வரவேற்பு. 2001-இல் மொனாரோ என்ற ஹோல்டனின் பழைய கார்ப் பெயரிலேயே விற்பனைக்கு வந்தது.

அதோடு முடியவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் மேலதிகாரி பாப் லட்ஸுக்கு அது பிடித்துப்போக, ஸ்டியரிங்கை இடப்பக்கம் மாற்றி, 2004 மாடலாக அமெரிக்காவில் பான்டியாக் ஜிடிஓ என்று விற்றார்கள். கான்செப்ட் கார் என்ற விண்ணப்பத்துக்குக் கிடைத்த மிகச் சிறந்த பதில் இதுதான். வரைந்ததும் செய்ததும் ஏற்றுமதி செய்ததும் ஆஸ்திரேலியா.

ஃபோர்டு பக்கத்தில் கேப்ரி. 1983-இல் இத்தாலியின் கியா ஸ்டூடியோ வரைந்த பார்கெட்டா என்ற கான்செப்டிலிருந்து கிளைத்த திறந்த கூரைக் கார் அது. உள்ளே மாஸ்டா 323-இன் உறுப்புகள். 1989 முதல் 1994 வரை மெல்போர்னின் பிராட்மெடோஸில் தயாராகி, அமெரிக்காவுக்கு மெர்குரி கேப்ரியாகப் போனது. மாஸ்டாவின் எம்எக்ஸ்-5 என்ற போட்டிக் கார் அதே சமயத்தில் சந்தைக்கு வந்தது கேப்ரியின் தலைவிதி.

எஃபிஜியைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, அது என்ன?

2005 சிட்னி கண்காட்சியில் ஹோல்டன் காட்டிய நீண்ட, தாழ்ந்த, ஊதா நிறக் கூபே. 1953-இல் வந்த எஃப்ஜே ஹோல்டனை இழுத்து நீட்டிக் கனவு கண்டால் எப்படி இருக்குமோ அப்படி. வரைந்தவர் ரிச்சர்ட் ஃபெர்லாஸோ. பல வருடங்களாக அவர் மனதில் கிடந்த யோசனை அது. அடியில் செவ்ரோலே கார்வெட்டின் தளம், மேலே சூப்பர்சார்ஜர் வைத்த 6 லிட்டர் வி8. நீளம் 5 மீட்டருக்கும் மேல். 2007-இல் அமெரிக்காவில் ஆண்டின் சிறந்த கான்செப்ட் கார் என்ற விருது கிடைத்தது.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் விற்பனைக்கு வருவதற்கான எண்ணமே இல்லாமல் செய்த கார் அது. கூபே கான்செப்ட் முன்னால் பார்த்தது. எஃபிஜி பின்னால் திரும்பி 1953-ஐப் பார்த்தது. விருது வாங்கிய கார்களில் எது ஆலைக்கு வேலை கொடுத்தது என்று கேட்டால் பதில் எஃபிஜி இல்லை.

கான்செப்ட் காரை எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் கைப்படம். நூற்றுக்கணக்கில் வரைந்து, சிலவற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்புறம் சுவரளவுக் காகிதத்தில் கறுப்பு டேப்பை ஒட்டி ஒட்டிக் காரின் கோடுகளை உண்மை அளவில் அமைப்பார்கள். பென்சில் கோட்டை அழித்து மறுபடி வரைய வேண்டும், டேப்பை உரித்து நகர்த்தி ஒட்டினால் போதும். இப்போது கணினியில் முப்பரிமாண வடிவம் வந்துவிட்டாலும், டேப் முழுதாக ஒழிந்துவிடவில்லை.

அடுத்தது களிமண். வயலில் கிடைக்கும் மண்ணோடு இதற்குச் சம்பந்தமில்லை. மெழுகும் எண்ணெயும் கலந்த தொழில்முறைக் களிமண் அது. சூளையில் சூடாக்கினால் இளகும், ஆறினால் சுரண்டிச் செதுக்கும் அளவுக்கு இறுகும். இரும்புச் சட்டத்தின் மேல் நுரைப் பலகைகளை அடுக்கி, அதன் மேல் களிமண்ணைப் பூசி, இயந்திரம் கடைந்து கொடுத்த உருவத்தை மாடலர்கள் கையால் இழைத்து முடிப்பார்கள். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை ஒட்டினால் பெயிண்ட் அடித்தது போலப் பளபளக்கும். வெயிலில் நிறுத்தி, அதன்மேல் ஒளி எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் மேடு தப்பாக இருந்தாலும் ஒளிக்கோடு நெளியும். திரையில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியாத குற்றம் அங்கே தெரிந்துவிடும்.

மாடல் ஒப்புதலானதும் அதிலிருந்து அச்செடுத்துக் கண்ணாடியிழையிலோ கார்பன் இழையிலோ பாடி செய்வார்கள். விளக்கு, சக்கரம், இருக்கை, கைப்பிடி எல்லாம் ஒற்றைப் படியாகக் கையால் செய்தவை. இந்த இடத்தில்தான் பக்கத்தில் ஆலை இருப்பதன் அருமை தெரியும். தகடு வளைப்பவர், அச்சு கடைபவர், தையல்காரர், பெயிண்டர் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருந்தால்தான் இது வேகமாக நடக்கும். ஹோல்டனின் பலம் அதுதான். வரைவதிலிருந்து ஓடும் காராக்குவது வரை ஒரே வளாகத்தில் முடித்துவிடுவார்கள்.

இதற்குச் செலவழித்த பணத்தை ஆலைக்குப் போட்டிருக்கலாமே?

ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. 2006-இல் வந்த விஇ கமடோரை உருவாக்க 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் ஆனது. அதன் பக்கத்தில் ஒரு கான்செப்ட் காரின் செலவு சில்லறை. 1998-இல் உதிரிபாகத் தயாரிப்பாளர்களே கூட்டுச் சேர்ந்து 'ஆக்ஸஸ் ஆஸ்திரேலியா' என்ற கான்செப்ட் காரைச் செய்து, வெளிநாட்டுக் கார் நிறுவனங்களுக்குத் தங்கள் பொருள்களைக் காட்டும் நடமாடும் மாதிரியாகப் பயன்படுத்தினார்கள். 2000-இல் சிஎஸ்ஐஆர்ஓ என்ற அரசு ஆய்வு நிறுவனத்தோடு ஹோல்டன் சேர்ந்து ஈகோமடோர் என்ற ஹைப்ரிட் கமடோரைச் செய்தது. அதை அப்போதே தொடர்ந்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

சரி, இவ்வளவு திறமை இருந்தும் ஆலைகள் ஏன் மூடின?

காரணம் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பல காரணங்கள் ஒரே சமயத்தில் சேர்ந்துகொண்டன.

முதலாவது, அளவு. ஒரு கார் ஆலை உலக விலையில் போட்டி போட வேண்டுமென்றால் ஆண்டுக்கு 2 முதல் 3 லட்சம் கார்கள் செய்ய வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் உற்பத்தித்திறன் ஆணையம் கணக்கிட்டது. 2013-இல் ஃபோர்டு, ஹோல்டன், டொயோட்டா மூன்றும் சேர்ந்தே 2 லட்சத்தைச் சற்றுத் தாண்டித்தான் செய்தன. அதாவது மூன்று நிறுவனங்களின் மொத்தமும் ஒரு உருப்படியான ஆலைக்குத்தான் காணும்.

உள்நாட்டுச் சந்தையும் இடம் கொடுக்கவில்லை. வருடத்துக்குச் சுமார் 11 லட்சம் வண்டிகள் விற்கும் நாட்டில் 60-க்கும் மேற்பட்ட பிராண்டுகள் மோதிக்கொண்டன. 1998-இல் கமடோர் மட்டும் 94,000-க்கும் மேல் விற்றது. 15 வருடம் கழித்து அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இரண்டாவது, நாணய மதிப்பு. 2001-இல் ஒரு ஆஸ்திரேலிய டாலர் 50 அமெரிக்க சென்ட்டுக்கும் கீழே இருந்தது. மொனாரோ அமெரிக்காவுக்குப் போகலாம் என்ற நினைப்பெல்லாம் அந்தக் காலத்தில் வந்தது. சுரங்கத் தொழில் கொழித்ததில் 2011-இல் அதே டாலர் 1.10 அமெரிக்க டாலரானது. அடிலெய்டில் செய்த காரின் செலவு உள்ளூர்ப் பணத்தில் மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அதன் விலை இரண்டு மடங்கானது போல ஆயிற்று. இறக்குமதிக் கார்களோ உள்நாட்டில் மலிந்தன. டொயோட்டா மெல்போர்னின் அல்டோனாவில் செய்த கேம்ரி கார்களில் பெரும்பகுதி வளைகுடா நாடுகளுக்குப் போனது. அந்த ஏற்றுமதியில் லாபம் கரைந்தது. ஹோல்டனுக்கு வேறு ஒரு அடி. 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி, பான்டியாக் பிராண்டையே மூடியது. கமடோரை பான்டியாக் ஜி8 ஆக்கி அமெரிக்காவுக்கு அனுப்பிய வழி அன்றோடு அடைபட்டது.

மூன்றாவது, வரி. 1980-களில் 57.5% இருந்த இறக்குமதி வரி 2000-இல் 15%, 2005-இல் 10%, 2010-இல் 5% என்று இறங்கியது. 2005-இல் தாய்லாந்தோடு சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் வந்தது. அங்கிருந்து பிக்கப்புகள் வரியில்லாமல் வந்து குவிந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து போன பெரிய எஞ்சின் கார்களுக்கு மட்டும் தாய்லாந்தின் எஞ்சின் அளவுக் கலால் வரி வாசலிலேயே காத்திருந்தது. காகிதத்தில் இருவழிப் பாதை, நடைமுறையில் ஒருவழி.

நான்காவது காரணத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். மூன்று நிறுவனங்களுக்கும் உதிரிபாகம் கொடுத்தவை பெரும்பாலும் ஒரே கம்பெனிகள். பங்குக் கிணறு போல. ஒரு பங்காளி விலகினால் தூர்வாரும் செலவு மீதிப் பேர் தலையில் விழும். 2013 மே 23 அன்று ஃபோர்டு விலகுவதாக அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 11 அன்று ஹோல்டன். 2014 பிப்ரவரி 10 அன்று டொயோட்டா. ஒன்பது மாதத்துக்குள் மூன்று அறிவிப்பும் வந்துவிட்டன.

பட்டன் திட்டம்தான் தொழிலைக் கொன்றது என்கிறார்களே?

பாப் ஹாக் அரசின் தொழில்துறை அமைச்சர் ஜான் பட்டன் 1984-இல் அறிவித்த திட்டம் அது. 13 மாடல்கள் செய்துகொண்டிருந்ததை 6 ஆகக் குறைக்க வேண்டும், ஒவ்வொன்றையும் அதிகமாகச் செய்து ஏற்றுமதிக்குத் தயாராக வேண்டும், பதிலுக்கு வரி மெல்ல இறங்கும். நோக்கம் சரியாகத்தான் இருந்தது. வழிதான் விசித்திரமாகப் போயிற்று. மாடலைக் குறைக்கச் சொன்னால், நிறுவனங்கள் ஒருவர் காரில் மற்றவர் பெயரை ஒட்டிக்கொண்டன. கமடோர் 'டொயோட்டா லெக்ஸன்' ஆனது. கொரோலா 'ஹோல்டன் நோவா' ஆனது. கேம்ரி 'ஹோல்டன் அப்பல்லோ'. நிசான் பேட்ரோல் 'ஃபோர்டு மேவரிக்'. லெக்ஸன் என்ற பெயர், 1983-இல் அமெரிக்கக் கோப்பை என்ற பாய்மரப் படகுப் போட்டியை வென்ற படகை வடிவமைத்த பென் லெக்ஸன் நினைவாக வைத்தது. வாங்குபவர்கள் ஏமாறவில்லை. ஒரே காரென்றால் அசலையே வாங்கினார்கள்.

திட்டம் தொழிலைக் கொன்றது என்பது மிகை. அது இல்லாவிட்டால் 1990-களிலேயே முடிந்திருக்கலாம். உயர்ந்த வரிச்சுவர் இருந்த காலத்திலேயே லேலண்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் சிட்னி ஆலையை மூடியதை மறக்கக் கூடாது. 1973-இல் வந்த அதன் பி76 நல்ல பெரிய கார். பின்பெட்டியில் 44 காலன் பீப்பாயே நுழையும். தரக் குறைபாடும், அதே ஆண்டு வந்த எண்ணெய் நெருக்கடியும், தாய் நிறுவனத்தின் பணமுடையும் சேர்ந்து அடுத்த ஆண்டே கதையை முடித்தன. ஃபோர்ஸ் 7வி என்ற கூபே விற்பனைக்கு வரத் தயாராகியும் வரவில்லை. சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நசுக்கிப் போட்டார்கள்.

தொழிலாளர் சம்பளம் அதிகம் என்பதால்தானே மூடினார்கள்?

சம்பளம் அதிகம்தான். ஆனால் ஜெர்மனியிலும் அதிகம். பெரிய அளவில் செய்தால் ஒரு காருக்கு விழும் சம்பளச் செலவு தாங்கும். 2013 ஆகஸ்டில் எலிசபெத் ஆலைத் தொழிலாளர்கள் சம்பள உயர்வை நிறுத்தி வைக்கும் ஒப்பந்தத்துக்கு ஆதரவாகவே ஓட்டுப் போட்டார்கள். நான்கு மாதத்தில் மூடல் அறிவிப்பு வந்தது.

அரசு பணம் கொடுக்கவில்லையா?

கொடுத்தது. 2001-இலிருந்து 12 ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் அரசு உதவி பெற்றதாக ஹோல்டனே 2013-இல் சொன்னது. இன்னும் கொடுப்பதா வேண்டாமா என்பதில்தான் சண்டை. 2013 டிசம்பர் 10 அன்று நிதியமைச்சர் ஜோ ஹாக்கி நாடாளுமன்றத்தில் ஹோல்டனைப் பார்த்து, இருப்பதா போவதா என்று தெளிவாகச் சொல்லச் சொன்னார். மறுநாள் சொல்லிவிட்டார்கள். அவர் விரட்டிவிட்டார் என்று ஒரு கட்சி, டெட்ராய்டு முன்பே முடிவெடுத்துவிட்டது என்று இன்னொரு கட்சி. என் கணிப்பில் மானியம் தொடர்ந்திருந்தால் ஒரு மாடல் காலம் கூடுதலாக ஓடியிருக்கும். அடுத்த கமடோருக்கான முதலீட்டை ஏற்கனவே எலிசபெத்தில் யாரும் போட்டிருக்கவில்லை.

மக்களே உள்நாட்டுக் காரை வாங்கவில்லை என்பது உண்மையா?

உண்மை. பெரிய செடானை விட்டுச் சிறிய கார்களுக்கும், பிறகு எஸ்யூவிக்கும், இரட்டைக் கேபின் பிக்கப்புக்கும் மாறினார்கள். 2011-இல் மாஸ்டா 3 முதலிடம் பிடித்தது. 2016-இல் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப். ஃபோர்டு 2004-இல் டெரிட்டரி என்ற எஸ்யூவியை முழுக்க உள்நாட்டிலேயே வடிவமைத்து நன்றாக விற்றது. ஆனால் டீசல் எஞ்சின் வைக்க 2011 வரை இழுத்தது. பணம் கொடுக்க வேண்டியவர்கள் டியர்போர்னில் இருந்தார்கள்.

எந்த ஆலை எப்போது மூடியது?

லேலண்ட், சிட்னி: 1970-களின் நடுவில். நிசான், கிளேட்டன்: 1992. மிட்சுபிஷி, அடிலெய்டின் டான்ஸ்லி பார்க்: 2008 மார்ச். ஃபோர்டு, பிராட்மெடோஸ்: 2016 அக்டோபர் 7. டொயோட்டா, அல்டோனா: 2017 அக்டோபர் 3. ஹோல்டன், எலிசபெத்: 2017 அக்டோபர் 20.

ஆலை போன பிறகு டிசைனர்கள் என்ன ஆனார்கள்?

கொஞ்ச காலம் நன்றாகவே இருந்தார்கள். வரைபடத்துக்குக் கப்பல் கூலியும் சுங்க வரியும் கிடையாது. மூடல் அறிவிப்பு வந்து ஓராண்டுக்குப் பிறகு, 2015 ஜனவரியில் டெட்ராய்டு கண்காட்சியில் செவ்ரோலே போல்ட் என்ற மின்சாரக் கான்செப்டும் பியூக் அவெனிர் என்ற சொகுசுக் கான்செப்டும் நின்றன. இரண்டையும் செய்து முடித்து அனுப்பியது ஹோல்டனின் மெல்போர்ன் ஸ்டூடியோ. 2016-இல் மைக்கேல் சிம்கோ ஜெனரல் மோட்டார்ஸின் உலகளாவிய டிசைன் தலைவரானார். அமெரிக்கர் அல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

ஆனால் ஆலை இல்லாத ஸ்டூடியோ வாடகை வீடு மாதிரிதான், எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம். 2020 பிப்ரவரி 17 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் ஹோல்டன் என்ற பெயரையே விடுவதாக அறிவித்தது. டிசைன், பொறியியல் பிரிவுகளும் அதோடு போயின.

ஃபோர்டின் கதை வேறு மாதிரி. 2011-இல் வந்த ரேஞ்சர் பிக்கப்பை மெல்போர்னில் வடிவமைத்தார்கள். தயாரானது தாய்லாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும். 2022-இல் வந்த அடுத்த ரேஞ்சருக்கும் மெல்போர்ன்தான் பிறப்பிடம். ஃபோக்ஸ்வேகனின் இப்போதைய அமரோக்கும் அதே அடித்தளத்தில் நிற்கிறது. 2023-இல் ஆஸ்திரேலியாவில் அதிகம் விற்ற வண்டி ரேஞ்சர். அந்த நாட்டில் பிறந்து, தாய்லாந்தில் உருவாகி, சுங்க வரி இல்லாமல் திரும்பி வந்து முதலிடம் பிடித்த வண்டி! ஆலைகளை மூட வைத்தது டிசைன் குறைபாடு இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அந்த ஆலை வளாகங்களில் இப்போது என்ன நடக்கிறது?

டான்ஸ்லி பார்க் இன்று ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக வளாகமும் புதிய தொழில்களும் உள்ள பகுதி. பழைய அசெம்பிளிக் கூடத்தின் கூரையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். எலிசபெத்தில் ஜெர்மனியின் சோனன் 2018-இல் வீட்டு மின்கலம் தயாரிக்கத் தொடங்கியது. அல்டோனாவில் டொயோட்டா ஹைட்ரஜன் மையம் வைத்திருக்கிறது. இவற்றில் எதுவும் பழைய ஆலை கொடுத்த அளவு வேலை கொடுக்கவில்லை.

இப்போது ஆஸ்திரேலியாவில் வண்டியே தயாராவதில்லையா?

கனரக லாரிகள் தயாராகின்றன. மெல்போர்னின் பேஸ்வாட்டரில் கென்வொர்த், பிரிஸ்பேனின் வாகோலில் வால்வோ. அமெரிக்காவிலிருந்து வரும் பெரிய பிக்கப்புகளின் ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றும் வேலையும் மெல்போர்னில் பெரிய அளவில் நடக்கிறது. இதில் பழைய கார் ஆலைத் திறமைகள் நிறையப் பயன்படுகின்றன.

மின்சாரக் கார் காலத்தில் கார் ஆலை திரும்ப வருமா?

லித்தியத்தை உலகிலேயே அதிகமாகத் தோண்டியெடுக்கும் நாடு என்பதால் இந்த நம்பிக்கை அடிக்கடி எழும். தாது இருப்பது மட்டும் போதாது. இரும்புத் தாதும் அங்கே ஏராளமாகத்தான் இருந்தது. அளவுக் கணக்கு மின்சாரக் காருக்கும் அதேதான். சந்தை அப்போதையதைவிடப் பெரிதாக வளர்ந்துவிடவில்லை, பிராண்டுகள்தான் கூடியிருக்கின்றன. உதிரிபாகக் கம்பெனிகளும் கலைந்துவிட்டன. மின்கலப் பாகங்கள், லாரி, பேருந்து, சிறு எண்ணிக்கையில் செய்யும் சிறப்பு வண்டிகள் இவற்றுக்கு வாய்ப்பு உண்டு. வருடத்துக்கு லட்சக்கணக்கில் கார் செய்யும் ஆலை திரும்பும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.